ஆறரை மணிப் பூனை

எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் ஒன்றரை அடிச் சந்து ஒன்று உண்டு. ஐப்பசி அடைமழையில் அங்கே ஒரு பூனை வந்து ஒண்டியது. வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு என்று மூன்று நிறம். மூன்றும் சேர்ந்திருந்தால் அநேகமாகப் பெட்டைதான். செம்பழுப்புக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் கடுவனுக்கு அந்தக் கலவை வாய்ப்பது அபூர்வம். அதை வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு நான்கு மாதம் பிடித்தது. ஒழுங்காகச் செய்திருந்தால் இரண்டு மாத வேலை. மீதி இரண்டு மாதத்தை எப்படிக் கெடுத்துக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் விசாரணை

பசித்து நிற்கிற பூனையெல்லாம் நாதியற்ற பூனை இல்லை. நாலு வீட்டில் நாலு பெயரில் சாப்பிட்டுவிட்டு ஐந்தாம் வீட்டு வாசலில் பட்டினி முகம் காட்டுகிற பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே மீன் வாங்குவதற்கு முன் விசாரியுங்கள். வாட்ச்மேன், இஸ்திரி வண்டிக்காரர், டீக்கடைக்காரர், இவர்களுக்குத் தெரியாமல் ஒரு தெருவில் பூனை நடமாட முடியாது. எனக்குத் தகவல் தந்தது மீன்காரம்மா. "அதுவா சார்? பின்னாடி தெருவுல வீடு காலி பண்ணிட்டுப் போனாங்களே, அவங்க உட்டுட்டுப் போனது. சோறு தின்ன பூனை, அதுக்கு எலி புடிக்கத் தெரியாது" என்றார். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சாக்கில் கட்டி மார்க்கெட்டில் கொண்டுபோய் விடுகிறவர்களுக்கும் அது பொருந்தும். அவர்கள் யாரும் சட்டம் படிப்பதில்லை.

பூனையைத் தள்ளி நின்று ஒருமுறை நன்றாகப் பாருங்கள். ஒரு காதின் நுனி நேராக வெட்டியதுபோல் இருந்தால், யாரோ கருத்தடை செய்து விட்டிருக்கிறார்கள் என்று பொருள். வயிற்றில் காம்புகள் தடித்து, சுற்றியுள்ள முடி உதிர்ந்திருந்தால் குட்டிகள் எங்கோ பக்கத்தில் இருக்கின்றன. தாயை மட்டும் தூக்கிவந்தால் அவை செத்துப்போகும். குட்டிகள் தனியாகக் கிடப்பதைப் பார்த்தாலும் உடனே அள்ளிக்கொண்டு வராதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். சில மணி நேரம் மறைவாக நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மனித வாடை பழகுவதற்கு ஏற்ற வயது, பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரை. அந்த நாட்களில் மனிதக் கை பட்ட பூனை, பிற்பாடு தெருவில் எவ்வளவு அடிபட்டாலும் திரும்ப வரும். படாத பூனை மடியில் வந்து படுக்காமலே போகலாம். அதற்கு உங்கள் மேல் குறை சொல்ல முடியாது.

நேரம், தட்டு, இடம்

பூனைக்கு உங்களைத் தெரியாது. ஆனால் மாலை ஆறரை மணியைத் தெரிந்துகொள்ளும். பழக்குவதில் பாதி வேலை இதுதான். தினமும் ஒரே நேரம், ஒரே தட்டு, ஒரே இடம். நான் ஒரு பழைய எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டேன். சிமெண்டுத் தரையில் அதை வைக்கும்போது ஒரு 'ணங்' வரும். எட்டாம் நாள் அந்தச் சத்தத்துக்கு மோட்டார் அறைக்குப் பின்னாலிருந்து இரண்டு காதுகள் எட்டிப்பார்த்தன.

வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். முதல் வாரம் பத்தடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். நின்றால் நீங்கள் ஒரு மரம் உயரம். நான் முக்காலி போட்டு அன்றைய பேப்பரைப் பிரித்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் வரி விளம்பரம் உட்பட எதையும் விடாமல் படித்து முடித்தேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை முக்காலியை அரையடி கிட்டே நகர்த்துங்கள். பூனை சாப்பிடுவதை நிறுத்தி நிமிர்ந்தால் அன்றைக்கு அதுதான் எல்லை. மறுநாள் பழைய இடத்துக்கே போங்கள். அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்து இடத்தைக் கழுவிவிட வேண்டும். எறும்பும் காக்காயும் வந்தால் முதல் மாடி மாமிக்குக் கோபம் வரும். மாமி பக்கம்தான் நியாயம்.

என்ன போடுவது? பால் வேண்டாம். பால்குடி மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். தயிர்சாதம் தின்று காலம் தள்ளுகிற பூனைகள் உண்டு, ஆனால் பூனை பிறவியிலேயே ஊன் உண்ணி. அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டாரின் என்ற சத்து மாமிசத்தில்தான் கிடைக்கிறது. சைவ வீட்டுக்காரர்கள் கடையில் விற்கும் பூனைத் தீனியைப் போடலாம், சமையலறைக்கும் தோஷமில்லை. மீன் என்றால் உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து முள் எடுத்துப் போடுங்கள். மத்தியையும் நெத்திலியையும் பச்சையாகப் போடவே கூடாது. பி1 வைட்டமினைச் சிதைக்கிற நொதி அவற்றில் இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். கருவாட்டில் உப்பு அதிகம். நேற்றைய குழம்பில் கிடந்த மீன் துண்டைப் போடலாம் என்று தோன்றும். குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன, இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை.

கண்ணும் கையும்

நேருக்கு நேர் முறைத்துப் பார்த்தால் பூனைக்கு அது சண்டைக்கான அழைப்பு. பார்வையைத் தரையில் வையுங்கள். அது உங்களைப் பார்க்கும்போது கண்ணைப் பாதி சுருக்கி, மெதுவாக மூடி, மெதுவாகத் திறங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. இப்படிக் கண் சிமிட்டிய அந்நியரின் நீட்டிய கையை நோக்கிப் பூனைகள் கூடுதலாக வந்தன என்று அதில் கண்டார்கள். என் பூனை பதிலுக்குச் சிமிட்ட மூன்று வாரம் ஆனது. எதிர் வீட்டுப் பையன் மட்டும் எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

அது முக்காலியைச் சுற்றி உரசிக்கொண்டு போகிற நாள் வரும். அன்றும் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். ஒரு விரலை மடக்கினாற்போல அதன் மூக்கு உயரத்தில் நீட்டிவிட்டுச் சும்மா இருங்கள். மோந்து பார்த்துக் கன்னத்தைத் தேய்த்தால் சம்மதம். கன்னம், தாடை, காதுக்கு அடியில் தடவலாம். மூன்று தடவல், பிறகு கையை எடுத்துவிட வேண்டும். வயிறும் வால் அடியும் ஆகாது. மல்லாந்து வயிற்றைக் காட்டினால் அது நம்பிக்கையின் அடையாளமே தவிர, தொடச் சொல்லி அழைப்பு இல்லை. வால் செங்குத்தாக நின்று நுனி கொக்கியாக வளைந்திருந்தால் நல்ல மனநிலை. வால் சாட்டையாக ஆடினாலோ, காது பின்னுக்கு மடிந்தாலோ அன்றைய பாடம் முடிந்தது.

கட்டைப்பையும் ஆட்டோவும்

நான் தப்பு செய்தது இங்கேதான். இருபத்தைந்தாம் நாள் பூனை என் கையைத் தடவ விட்டது. காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு நேரமே இல்லாத நேரத்தில், சட்டென்று அதை அள்ளி ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டு, வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மருத்துவரிடம் காட்ட ஆட்டோவில் ஏறினேன். தெருமுனைகூடத் தாண்டவில்லை. பையின் அடித்தையல் 'சர்'ரென்று பிரிந்தது. என் மணிக்கட்டில் மூன்று கோடு போட்டுவிட்டு, ஓட்டுநர் தோளில் ஒரு கால் வைத்து, வெளியே பாய்ந்துவிட்டது. அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "சார், புலி ஏத்தப்போறேன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.

கீறலோ கடியோ, வெறிநாய்க்கடி நோய் பூனையிடமிருந்தும் வரும் என்பதை மறக்கக் கூடாது. ஓடுகிற குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். முதல் நாளிலிருந்து எண்ணி 3, 7, 28-ஆம் நாட்களிலும் எனக்குப் போட்டார்கள். கடி ஆழமாக இருந்தால் மருத்துவர் வேறு மருந்தும் சேர்ப்பார். பூனை நன்றாகத்தானே இருக்கிறது என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

பூனை ஐந்தாம் நாள் மோட்டார் அறைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் பத்தடிக்குள் வரவில்லை. மறுபடி முக்காலி, மறுபடி பேப்பர்.

சரியான முறை இது. கெட்டியான பிளாஸ்டிக்கில் கம்பிக் கதவு வைத்த பூனைக் கூண்டு கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கிக் கதவைத் திறந்தபடி, உள்ளே பழைய வேட்டி விரித்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பிறகு தட்டை வாசலில், வாசலிலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து கடைக்கோடியில் என்று நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்துங்கள். பூனை உள்ளே போய் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் ஒரு வாரம் கதவைத் தொடாதீர்கள். மூடுகிற நாளில் ஒரே அசைவில் மூடி, மேலே துணியைப் போர்த்துங்கள். இருட்டில் பூனை அடங்கும்.

மருத்துவரிடம்

வீட்டுக்குள் நுழையும் முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சென்னைக்காரர்களுக்கு 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும் காலையிலேயே போய்விடுங்கள், நாய்களுக்கு நடுவில் கூண்டைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் போன இடத்தில் சீட்டு எழுதுகிறவர் பூனையின் பெயர் கேட்டார். பெயரே வைக்கவில்லை. வாயில் வந்தது, "ஆறரை." அவர் நிமிர்ந்தும் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

கேட்க வேண்டியவை: குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, தடுப்பூசிகள், கருத்தடை. குட்டி என்றால் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. கருத்தடையை ஒத்திப்போடாதீர்கள். பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், சினைக்காலம் ஒன்பது வாரம்தான். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கடுவனுக்குச் செய்தால் சண்டையும் சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சுவதும் பெரிதும் குறையும்.

கை வைத்தியத்தில் இரண்டு, உயிரை வாங்கும். காய்ச்சலுக்கென்று பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தடவக் கூடாது. அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

ஓர் அறை, இரண்டு வாரம்

வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிடாதீர்கள். ஓர் அறை போதும். வீட்டில் வேறு பூனை இருந்தால் இந்த இரண்டு வாரப் பிரிவு கட்டாயம், நோய் தொற்றாமல் இருக்கவும்தான். ஒரு மூலையில் தண்ணீரும் தீனியும், எதிர் மூலையில் மண் தொட்டி. அகலமான பிளாஸ்டிக் டப்பில் நாலு விரல்கடை மணல் கொட்டினால் போதும். மோட்டார் அறைப் பக்கத்து மண்ணில் ஒரு பிடி கலந்தேன், முதல் ராத்திரியே புரிந்துகொண்டது. தினமும் அள்ளிவிடுங்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வந்தாலும், தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணிகள் அந்த வேலையை வேறு ஆளிடம் விட்டுவிட வேண்டும். பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடியுங்கள். மாடியிலிருந்து விழுந்தாலும் பூனை காலூன்றி நிற்கும் என்பதை நம்பி எலும்பு முறிந்த பூனைகள் ஏராளம். தொட்டியில் லில்லி இருந்தால் வீட்டைவிட்டே அனுப்பிவிடுங்கள். அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

ராத்திரி கத்தும். கதவைப் பிறாண்டும். எழுந்து போய்க் கொஞ்சினால், 'கத்தினால் ஆள் வரும்' என்று கற்றுக்கொள்ளும். நாள் கணக்கில் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாலும் இழுக்காதீர்கள். முழுசாக ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒரு மாதமாகியும் அடைபட்டதுபோலவே தவித்தால், கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட பூனையாகப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு வேளை தவறாமல் சாப்பாடு வையுங்கள். அதுவும் வளர்ப்புதான்.

ஆறரை பீரோவுக்கு அடியிலிருந்து பதினோராம் நாள் வெளியே வந்தது. இப்போது இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் தூங்குகிறது, அங்கே இளஞ்சூடு. மடிக்கு வருவதில்லை, முக்காலிக்குப் பக்கத்தில் உட்காரும். காய்கறி வாங்கக் கட்டைப்பையை உதறினால் மட்டும் இன்றும் பீரோவுக்கு அடியில் போய்விடுகிறது. அதனால் பையை வாசலுக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டில் வைத்திருக்கிறேன்.