ஒன்பதின் பழம்பெயர்

நுழையும்முன்

நாள்தோறும் நாவில் பழகும் சொற்களை நாம் ஆராய்ந்து பார்ப்பதில்லை. எண்ணுப்பெயர்கள் அத்தகையன. எண்ணிப் பழகிய நாவுக்கு இயல்பாகத் தோன்றும் ஒரு சொல்வரிசை, எண்ணிப் பார்க்கும் அறிவுக்கு வியப்பளிக்கிறது. அவ்வியப்பின் காரணத்தைத் தேடுவதே இப்பாடம்.

வரிசையில் ஒரு புதிர்

இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது என வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் பத்து என்பதன் திரிபாகிய 'பது' நிற்கிறது. எண்பதை அடுத்து வருவதோ தொண்ணூறு. இங்குப் பத்தைக் காணவில்லை. நூறு வந்து நிற்கிறது. நூற்றின் வரிசையிலும் இதுவே நிலை. எழுநூறு, எண்ணூறு என்று சொல்லிவந்த நாம், அடுத்துத் தொள்ளாயிரம் என்கிறோம். நூற்றுக்குரிய இடத்தை ஆயிரம் பிடித்துக்கொண்டது. இன்னும் கீழே இறங்கினால், ஓரிலக்க எண்ணாகிய ஒன்பதின் பெயரிலேயே 'பது' இருக்கிறது. ஒன்பது பத்தையும், தொண்ணூறு நூற்றையும், தொள்ளாயிரம் ஆயிரத்தையும் தாங்கி நிற்பதேன்?

இலக்கணம் கூறும் விடை

இப்புதிரைத் தொல்காப்பியர் கண்டிருக்கிறார். குற்றியலுகரப் புணரியலில், ஒன்பது என்னும் சொல் பத்தோடு புணரும்போது முதலில் தகரமெய் தோன்றுவதையும், பத்து நூறாகத் திரிவதையும் விதியாகக் கூறுகிறார். தொள்ளாயிரத்துக்கும் தனி விதி உண்டு. பவணந்தி முனிவரும் நன்னூலில் இப்புணர்ச்சியை எடுத்துரைக்கிறார். ஆகவே, தொல்காப்பியர் காலத்திலேயே தொண்ணூறு என்னும் சொல் தொண்ணூற்றையே குறித்தது எனத் தெளியலாம். சொல் எவ்வாறு திரிகிறது என்பதை இலக்கணம் விளக்கியது. அத்திரிபு ஏன் நேர்ந்தது என்னும் வினா எஞ்சியது.

மறைந்த சொல்

விடைக்கான திறவுகோலும் தொல்காப்பியத்திலேயே உள்ளது. செய்யுளியலில் தொடை வகைகளை எண்ணிக் கூறுமிடத்தில், ஒன்பதைக் குறிக்கத் 'தொண்டு' என்னும் சொல் ஆளப்படுகிறது. பரிபாடலின் மூன்றாம் பாடலில் கடுவன் இளவெயினனார், பாழ், கால், பாகு எனத் தொடங்கி எட்டு வரை எண்ணியபின் தொண்டு என்று முடிக்கிறார். பாழ் என்பது சுழியம்; பாகு என்பது அரை.

ஒன்பதுக்குத் தொண்டு என்பதே பழம்பெயர் என்றும், அச்சொல் வழக்கொழிந்தபின் மேலிருந்த பெயர்கள் ஒவ்வொரு படி கீழிறங்கின என்றும் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் கருதினார். பத்துக்கு ஒன்று குறைந்தது ஒன்பது, நூற்றுக்குக் குறைந்தது தொண்ணூறு என, அடுத்த பேரெண்ணை நோக்கி அமைந்த பெயர்களே இவை என்று கொள்வாரும் உளர்.

உறவுமொழிகளின் சான்று

இவ்விடத்தில் உறவுமொழிகளை நோக்குதல் பயனுடையது. கன்னடத்தில் தொண்ணூற்றின் பெயர் தொம்பத்து. அச்சொல்லில் நூறு இல்லை, பத்தே உள்ளது. தெலுங்கில் ஒன்பதின் பெயர் தொம்மிதி. தமிழ் ஒன்பதில் காணாத தகரம் அங்கு முதலெழுத்தாக நிற்கிறது. மலையாளமோ தொண்ணூறு, தொள்ளாயிரம் எனத் தமிழின் வழியே செல்கிறது. ஒரு வீட்டில் தொலைந்த பொருளின் துண்டு உறவினர் வீட்டுப் பரணில் கிடைப்பது போன்றது இது.

> தெரிந்து தெளிவோம்
> தமிழ் எண்ணுருக்கள் பல, எழுத்துகளின் வடிவை ஒத்தவை. ஒன்றுக்குக் 'க', இரண்டுக்கு 'உ', எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ' என எழுதுவர். எட்டேகாலை எழுதினால் 'அவ' என்றாகும். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, இதனைக் கொண்டே 'அவலட்சணம்' என்னும் வசையை எண்ணுக்குள் மறைத்து வைத்தது.

நம் காலத்து இழப்பு

தொண்டு மறைந்தது பழங்கதை. நம் காலத்திலும் எண்ணுப்பெயர்கள் மறைகின்றன. திண்ணைப் பள்ளி மாணவர் எண்சுவடியில் கீழ்வாயிலக்கங்களை மனப்பாடம் செய்தனர். பதினாறில் ஒரு பங்கு வீசம்; இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. 1957 ஏப்ரல் 1 அன்று, பதினாறு அணா கொண்ட ரூபாய், நூறு காசாக மாறியது. கணக்கு எளிதாயிற்று, ஆனால், பதினாறாகப் பகுத்து எண்ணிய பழக்கம் தளர்ந்தது. இன்று அரை, கால், முக்கால் ஆகியவையே நம்மிடம் பெரிதும் எஞ்சியுள்ளன. 'இம்மியும் அசையவில்லை' என்கிறோம். இம்மி ஒரு சிற்றெண்ணின் பெயர் என்பதை மறந்துவிட்டோம்.

தொண்டு என்னும் சொல்லைப் பழைய நூல்கள் காத்து வைத்திராவிடில், தொண்ணூற்றின் புதிரை அவிழ்க்கும் வழியொன்றை நாம் இழந்திருப்போம். பதிவு செய்யப்பட்ட சொல், வழக்கொழிந்த பின்னும் பேசும். பதிவு பெறாத சொல் தன்னைச் சொன்னவரோடு மறைந்துபோகும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரிலுள்ள முதியவர்களிடம் அவர்கள் அறிந்த பழைய அளவுப்பெயர்களையும் பின்னப் பெயர்களையும் கேட்டு, அவற்றின் பொருளோடு எழுதி வகுப்பறையில் படியுங்கள்.