மட்டக்குதிரைக்குத் தொந்தியா? தீனியில் கை வைக்காதீர்கள்

கண்டிப் பக்கத்தில் குதிரை வேலை என்றால் திகன, ரஜவெல்லைப் பகுதியில் குதிரையேற்றம் நடக்கும் இடங்கள், சில தனியார் வளவுகள், கொஞ்சம் மேலே ஏறினால் நுவரெலியாவின் கிரகரி ஏரிக்கரை, அவ்வளவுதான். இடங்கள் குறைவு. குதிரை தெரிந்த கைகள் அதைவிடக் குறைவு. அதனால் லாய வேலைக்கு வரும் இளைஞர்களில் பெரும்பாலோர் மாடு வளர்த்த அனுபவத்தோடு வருகிறார்கள். அது நல்ல அடித்தளம்தான். ஆனால் மட்டக்குதிரையின் பெருத்த வயிற்றைப் பார்க்கும்போது அந்த அனுபவமே தவறான இடத்துக்குக் கொண்டுபோகும்.

வேலைக்குச் சேர்ந்த சில நாளில் முதலாளி சொல்லக்கூடும்: “வயிறு சரியுது, தீனியக் குறை.” உடனே குறைக்காதீர்கள். முதலில் கையை வைத்துப் பாருங்கள்.

குதிரையின் உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஹென்னெக் அளவுகோல் 1983இல் அமெரிக்காவின் டெக்சாஸில் உருவானது. அதில் பார்க்கச் சொல்லும் இடங்கள் ஆறு: கழுத்து, பிடரி மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு முதுகு, வால் அடி. வயிறு அந்தப் பட்டியலிலேயே இல்லை. விரல்களைத் தட்டையாக வைத்து விலாவின் மேல் இழுங்கள். எலும்பு தட்டுப்படாமல் மெத்தென்று இருந்து, கழுத்து மேலே தடித்து நின்றால் அது கொழுப்பு. விலா எளிதாகக் கையில் பட்டு, முதுகெலும்பு கூரை முகடுபோல் எழும்பி, வயிறு மட்டும் தொங்கினால் அந்தக் குதிரை மெலிந்திருக்கிறது. இந்த இரண்டாவது குதிரையின் தீனியைக் குறைப்பது கொடுமை.

மெலிந்த குதிரைக்கு ஏன் தொந்தி? முற்றிய கினிப்புல்லும் வைக்கோலும்தான் பெரும்பாலும் காரணம். மாடு அசைபோட்டு, முன் வயிற்றிலேயே நாரைப் பிரித்துக்கொள்ளும். குதிரைக்கு நார் செரிப்பது பின்குடலில். கரடுமுரடான நார் அங்கே நெடுநேரம் கிடந்து குடலை நிரப்புகிறது. கூடவே புரதமும் குறைந்தால் முதுகுத் தசையும் வயிற்றைத் தாங்கும் தசையும் தளர்ந்து, பை போலத் தொங்கிவிடும். தீர்வு, அளவை வெட்டுவதில் இல்லை. பூக்குமுன் அறுத்த இளம்புல்லுக்கு மாறுவதில் இருக்கிறது. சோயாப் புண்ணாக்கோ, பூஞ்சணம் பிடிக்காத தேங்காய்ப் புண்ணாக்கோ சிறிதளவு சேர்க்கலாம். எந்த மாற்றத்தையும் பத்துப் பதினான்கு நாட்களில் படிப்படியாகச் செய்யுங்கள். கினி, செட்டாரியா, கிக்கியூ புற்களில் உள்ள ஒக்சலேட் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நெடுங்காலம் அதுவே உணவென்றால் முக எலும்பு வீங்கும். எனவே கல்சியம் பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் போடத் தராசு வேண்டாம், தையல் நாடா போதும். நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீற்றரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையான நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 130, நீளம் 125 என்றால் ஏறக்குறைய 178 கிலோ. அதில் நாளொன்றுக்கு 1.5 முதல் 2 வீதம் உலர்தீனி. பச்சைப்புல்லில் ஐந்திலொரு பங்குதான் உலர்பொருள் என்று வைத்தால் 13 முதல் 18 கிலோ புல் வரும். உண்மையிலேயே கொழுத்த குதிரைக்கும் 1.5 வீதத்துக்குக் கீழே நீங்களாக இறங்காதீர்கள். பட்டினி போட்டால் மட்டக்குதிரையின் இரத்தத்தில் கொழுப்பு பெருகி உயிருக்கே ஆபத்தாகும்.

அடுத்த சந்தேகம் குடற்புழு, குறிப்பாகக் குட்டிகளில். கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுக்க வேண்டாம். புழு மிகுந்த மெலிந்த குட்டிக்கு ஒரே அடியில் மருந்து போனால், செத்த புழுக்களே குடலை அடைக்கலாம். புதிய லத்தியைக் காற்றுப்புகாத பையில் போட்டு, குளிர்ச்சியாக வைத்து, அன்றே மிருக வைத்தியரிடம் சேர்ப்பித்து முட்டை எண்ணச் சொல்லுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா மருத்துவமனையும் கண்டிக்காரர்களுக்குக் கையெட்டும் தூரம். நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு இல்லாத வசதி இது. மருந்து கொடுத்து 14 நாள் கழித்து மறுபடி எண்ணினால்தான் அது வேலை செய்ததா என்று தெரியும். வயதான குதிரையானால் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். ரோமம் உதிராமல் நீண்டு தண்ணீரும் அதிகம் குடித்தால் அதையும் சொல்லுங்கள். பெட்டைக்குதிரையானால் சினையா என்று கேட்க மறக்காதீர்கள்.

மாட்டுக்கொட்டிலிலிருந்து லாயத்துக்குக் கொண்டுவரக் கூடாதவை சில. கிளிசரிடியா இலை மாட்டுக்கு நல்ல புரதம், குதிரைக்கு நஞ்சு. இப்பில் இப்பில் தின்றால் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டும். உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் குதிரையின் குடலை முடக்கும். மொனென்சின் கலந்த கோழித்தீனி, மாட்டுத்தீனி மிகக் கொஞ்சமே போனாலும் இதயத்தைத் தாக்கிக் கொல்லும். இந்த நான்கையும் தீனி அறைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். விடுமுறையில் உங்களுக்குப் பதிலாக வருபவருக்கும் அது வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் படம் எடுங்கள். எடை, புல் அளவு, மருந்து, நடை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். குளம்பு சூடில்லாமல், நடை சரியாக இருந்தால், நம் மலைச்சரிவில் மெதுவாக ஏற்றி நடத்துவதைவிட வயிற்றுத் தசைக்கு நல்ல பயிற்சி கிடையாது. பிறகு முதலாளியிடம் நேராகச் சொல்லுங்கள்: “ஐயா, வயிறு பெருசுதான், ஆனா முதுகெலும்பு கையில படுது. புல்லக் குறைக்க வேணாம், நல்ல புல்லா மாத்துவோம்.” கொப்பியைக் காட்டிப் பேசும் ஆளின் சொல்லை எடுத்தெறிவது கடினம்.

வயிறு திடீரென உப்பி, குதிரை தரையைக் காலால் பறித்து, விலாவைத் திரும்பிப் பார்த்து, லத்தி போடாமல் உருண்டால் அது தொந்தி அல்ல, சூலை. கொப்பியும் வேண்டாம், முதலாளியின் அனுமதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அதற்காக அவருடைய எண்ணை இன்றே உங்கள் போனில் பதிந்து வையுங்கள்.