யாருடைய கதவைத் தட்டுவது?
பிரதேச சபையும் நமது நிலமும்: ஒரு பாடம்



1990 இல் ஊரை விட்டு ஓடியவர்களும், 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறியவர்களும் உங்களிடையே இருக்கிறீர்கள். பலர் திரும்பிவிட்டீர்கள். சிலர் இன்னும் உறவினர் வளவுகளில் காத்திருக்கிறீர்கள். காணிக்குத் திரும்புவது ஒன்று, அந்தக் காணியில் நிலைத்து வாழ்வது இன்னொன்று. வரம்பு கட்டி விதைத்தாலும், வட்டைக்குப் போகும் பாதை வெள்ளத்தில் அறுந்து கிடந்தால் நெல் வீடு வந்து சேராது.

படுவான்கரையில் மீளக் குடியேறிய ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வயலோரப் பாதையிலுள்ள மதகு இடிந்து அடைபட்டதால் மாரி வெள்ளம் வடியவில்லை. மக்கள் ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். பதில் இல்லை. அடுத்த ஆண்டும் அங்கேயே கொடுத்தார்கள். இரண்டு பெரும்போகங்களில் பயிர் அழுகிய பிறகுதான் அந்தப் பாதை பிரதேச சபைக்குரியது என்று தெரியவந்தது. அந்த மனுக்களை எழுதிக் கொடுத்தவன் நான். எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அந்தத் தவறை நீங்களும் செய்யக்கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம்.

சபையின் பொறுப்பு என்ன?

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரதேச சபைகள் உருவாகின. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள், மக்களின் நலன் ஆகியவற்றை அச்சட்டம் சபையிடம் ஒப்படைக்கிறது. எளிமையாகச் சொன்னால் கிராமப் பாதை, மதகு, வடிகான், பொதுக்கிணறு, தெருவிளக்கு, சந்தை, மயானம், நூலகம், குப்பை அகற்றல் என்பன சபையின் வேலைகள்.

இவற்றிற் பல நிலத்தைப் பேணும் வேலைகளே. வடிகான் அடைபட்டால் வயல் அழுகும். குப்பையையும் அறவைக் கழிவையும் வாவிக் கரையில் கொட்டினால் மீனும் நண்டும் குறையும், கண்டல் மரங்கள் கெடும். வாவியின் ஒரு கரையில் நாம் வீசுவது மறு கரையில் உள்ளவரின் வலையில் ஏறுகிறது.

சபையிடம் இல்லாதவை

சபை எல்லாவற்றையும் செய்யும் என்று எண்ணி ஏமாறக்கூடாது.

அரச காணிக்கான அனுமதிப்பத்திரம் தொலைந்தாலோ, பெயர் மாற்ற வேண்டியிருந்தாலோ பிரதேச செயலகத்துக்குச் செல்ல வேண்டும். பிரதேச சபை மக்கள் தெரிவு செய்வது. பிரதேச செயலகம் அரசாங்கத்தின் நிர்வாக அலுவலகம். பெயர் ஒத்திருப்பதால் பலர் இங்கே குழம்புகிறார்கள்.

உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. சிறு குளங்களுக்கும், வயல் நிலத்தை நிரப்புவது பற்றிய முறைப்பாட்டுக்கும் கமநல சேவை நிலையத்தை நாட வேண்டும். பாதைகளிலும் பிரிவு உண்டு: 'ஏ', 'பி' வகைப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், 'சி', 'டி' வகைப் பாதைகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. ஊருக்குள் செல்லும் சிறு பாதைகளிற் பெரும்பாலானவை சபைக்குரியவை. ஆகவே மனு எழுதுமுன் "இது யாருடைய பாதை?" என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது?

மட்டக்களப்பு மாவட்டத்தின் சபைகளுக்கு 2008 மார்ச்சிலும் 2018 பெப்ரவரியிலும் தேர்தல்கள் நடந்தன. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே சபைகள் இயங்கின. 2025 மே 6 ஆம் திகதி மீண்டும் தேர்தல் நடந்தது. இன்று உங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். அவருடைய பெயரை அறிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, தனி ஆளாகப் போகாதீர்கள். விவசாய அமைப்பும், மாதர் சங்கமும், கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதுங்கள். பாதையின் பெயர், நீளம், பயன்பெறும் குடும்பங்கள், பாதிக்கப்படும் ஏக்கர் அளவு ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள்.

இரண்டாவது, காலம் பார்த்துக் கேளுங்கள். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டம் அதற்கு முன் தயாராகிறது. மாரி வெள்ளம் வந்த பின் கொடுக்கும் மனு பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கே போகும். சிறுபோக அறுவடை முடிந்ததும் கடிதம் சபைக்குச் சேர வேண்டும்.

மூன்றாவது, கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியுடன் முத்திரை பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

நான்காவது, சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளும் இடம்பெறச் சட்டம் வழி வைத்திருக்கிறது. சுற்றாடல் குழுவில் ஒரு விவசாயி அமர்ந்தால் வடிகானின் கதை அங்கே சரியாகச் சொல்லப்படும்.

நமது பங்கு

கிராமப்புறச் சபைகளின் வருமானம் சிறியது. அதற்காகக் கேட்காமல் இருக்கக்கூடாது. அதே வேளை கேட்பதோடு நின்றுவிடவும் கூடாது. நான் சொன்ன கிராமத்து மக்கள் மூன்றாம் முறை சரியான இடத்தில் மனுக் கொடுத்தார்கள். வடிகானைச் சிரமதானமாகத் தாங்களே துப்புரவு செய்தார்கள். மதகைச் சபை கட்டியது. அந்த மாரியில் வெள்ளம் வடிந்தது. இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியுடன் அங்கே கூடுகிறார்கள்.

இடம்பெயர்ந்த காலத்தில் நிவாரண அட்டையுடன் வரிசையில் நின்று பெற்றுக்கொள்ளப் பழகினோம். அது அன்றைய தேவை. இன்று நாம் அந்தப் பிரதேசத்தின் குடிகள், சபையைத் தெரிவு செய்தவர்கள். உரிமையோடு கேட்போம், பொறுப்போடு பேணுவோம்.

கலந்துரையாடலுக்கு

1. நமது ஊரில் எந்தெந்தப் பாதைகள், கிணறுகள், வடிகான்கள் சபைக்குரியவை? பட்டியல் ஒன்று தயாரியுங்கள்.
2. கடந்த மாரியில் நீர் தேங்கிய இடங்கள் எவை? காரணம் என்ன?
3. சபையிடம் கேட்க வேண்டியது எது? நாமே செய்யக்கூடியது எது?
4. இன்னும் திரும்பி வராத குடும்பங்களின் காணி எல்லைகளையும் பாதைகளையும் அவர்களுக்காக யார் பார்த்துக்கொள்வது?