மார்கழி தக்காளி நடவு: செடிக்குச் செடி ஒரு முழம் விடுங்கள்

கார்த்திகை முதல் வாரத்தில் விதைத்த தக்காளி நாற்று இப்போது நடவுக்குத் தயாராகியிருக்கும். 25 நாள் ஆகி, ஒரு சாண் உயரம் வந்த நாற்றுகளை இந்த வாரமே நட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணிந்து மண் பதமாக இருக்கும் நேரம் இது. இப்போது நட்டால் மாசியில் பழம் பறிக்கத் தொடங்கலாம். பங்குனி வெயிலில் பூ உதிர ஆரம்பிக்கும் முன்பே காய்ப்பின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

நடும்போது இந்தப் பருவத்தில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இடைவெளி. வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி, அதாவது 60-க்கு 45 சென்டிமீட்டர். பி.கே.எம். 1 போன்ற குட்டை ரகங்களுக்கு இந்த அளவு போதும். டேப் தேடி அலைய வேண்டாம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். அதுதான் ஒன்றரை அடி. மண்ணில் முழங்கையை ஊன்றி, விரல் நுனி தொடும் இடத்தில் அடுத்த குழியைத் தோண்டுங்கள்.

10 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள பாத்தியில் இந்தக் கணக்குப்படி இரண்டு வரிசையில் 12 செடிதான் வரும். நட்ட அன்று பாத்தி காலியாகத்தான் தெரியும். கையில் மிச்சம் நாற்று இருந்தால் நடுவில் இரண்டு சொருகலாமே என்று மனசு சொல்லும். தயவுசெய்து செய்யாதீர்கள். 40 நாளில் ஒவ்வொரு செடியும் பக்கத்துக்கு முக்கால் அடி படர்ந்து, வெறுமையாகத் தெரிந்த இடத்தை நிரப்பிவிடும். இரண்டாம் வரிசைச் செடியை முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக, மாற்றி மாற்றி நட்டால் காற்று இன்னும் நன்றாகப் புகும்.

இந்த மாதத்தில் இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் பனி. விடியற்காலையில் போய் இலையைத் தொட்டுப் பாருங்கள். மழை பெய்யாமலே நனைந்திருக்கும். தள்ளித் தள்ளி நட்ட செடியில் வெயில் ஏறியதும் அந்த ஈரம் காய்ந்துவிடும். நெருக்கி நட்ட செடியின் அடி இலையில் வெகுநேரம் தங்கும். பூஞ்சணத்துக்கு அந்த ஈரம்தான் வேண்டும். முதலில் தரையை ஒட்டிய இலையில் பழுப்புப் புள்ளி வரும். உற்றுப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும், சுற்றிலும் மஞ்சள் படரும். அதுதான் இலைக்கருகல். அங்கிருந்து மேலே ஏறி, பக்கத்துச் செடிக்கும் தாவும். இதற்கு மருந்து தேடுவதைவிட, நடும்போதே ஒரு முழம் விடுவது சுலபம், செலவும் இல்லை. சித்திரையில் நடுவதென்றால் இவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன். அப்போது இலை நிழல் காயை வெயில் சுடாமல் காக்கும், சற்று நெருங்கினாலும் பாதகமில்லை. மார்கழிக்கு அந்தச் சலுகை கிடையாது.

கொடி போல் உயர்ந்துகொண்டே போகும் ரகங்களுக்கும் செர்ரி தக்காளிக்கும் செடிக்குச் செடி 2 அடி, வரிசைக்கு வரிசை இரண்டரை முதல் 3 அடி விடுங்கள். சமையலுக்கு வாங்கிய பழத்தின் விதையில் முளைத்த நாற்று என்றால் எவ்வளவு உயரும் என்று முன்கூட்டித் தெரியாது. அதற்கும் 2 அடி கொடுப்பதே நல்லது. உயரும் செடிக்கு மட்டும் இலைக் கக்கத்தில் வரும் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடலாம். பி.கே.எம். 1-இல் கிள்ள வேண்டாம், காய் பிடிப்பதே அந்தக் கிளைகளில்தான்.

மாடித்தோட்டக்காரர்கள் ஒரு பைக்கு ஒரு செடி என்பதில் உறுதியாக இருங்கள். 15 அங்குலப் பை பெரிதாகத் தோன்றினாலும் இரண்டு செடிக்கு அதில் வேர் ஓட இடமில்லை. பைகளை ஒட்டி ஒட்டி அடுக்கினால் தனித்தனிப் பையில் வைத்ததன் பலன் போய்விடும். தண்டுக்குத் தண்டு 2 அடி இருக்கும்படி நகர்த்துங்கள். இப்போது சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால், தெற்குக் கைப்பிடிச் சுவரின் நிழல் மாடிக்குள் நீளும். அந்தச் சுவரை ஒட்டி வைத்த பைகளை வெயில் விழும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நடவை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதி வரை மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும் செடி தக்காளி. ஊன்றுகோலையும் அன்றே நான்கு விரல் தள்ளி நட்டுவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறுபடும். கட்டுவதற்கு வாழைநாரோ பழைய பருத்தித் துணிக் கிழிசலோ போதும். இறுக்காமல், தண்டு பருக்க இடம் விட்டுக் கட்டுங்கள். தண்ணீரை இலை மேல் தெளிக்காமல், காலை நேரத்தில் அடியில் மட்டும் ஊற்றுங்கள். வைக்கோலோ சருகோ பரப்பினால் மண் தெறித்து இலையில் ஒட்டாது. பாத்தி ஓரத்தில் நான்கைந்து சாமந்தி, குறிப்பாகத் துலுக்கச் சாமந்தி, வைத்தால் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அதில் போய் முட்டையிடும். தக்காளி நாற்று 25 நாள், சாமந்தி நாற்று 40 நாள் வயதில் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கும்.

ஏற்கெனவே நெருக்கி நட்டுவிட்டீர்களா? நட்டுப் பத்து நாளுக்குள் என்றால், ஒன்று விட்டு ஒன்றை மண்ணோடு பெயர்த்து, மாலையில் வேறு இடத்தில் நடுங்கள். ஒரு மாதம் தாண்டியிருந்தால் பிடுங்காதீர்கள். வேர்கள் பின்னிப் போயிருக்கும், நிற்க வேண்டிய செடியும் ஆட்டம் காணும். நலிந்த செடியைத் தரையோடு கத்தரித்து எடுங்கள். காய் விட்ட செடியை வெட்ட மனசு வராதவர்கள், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை உள்ள இலைகளையாவது இன்றே நீக்கிவிடுங்கள். பனி ஈரம் காய்ந்த பிறகுதான் செடியில் கை வைக்க வேண்டும். புள்ளி விழுந்த இலையை எருக்குழியில் போடக் கூடாது.

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் உறைபனி விலகும் வரை வெளியில் நட வேண்டாம். சமவெளியில் தை 15 வரை நடலாம். அதற்கு மேல் நடும் செடி பூக்கும்போது வெயில் 35 டிகிரியை நெருங்கும், பூ நிற்காது. அதற்குள் நட முடியாதவர்கள் விதையைப் பத்திரமாக வைத்திருந்து, ஆனியில் விதைத்து ஆடியில் நடுங்கள்.