இரண்டாவது கீப்பர்

தம்பி தங்கைகளே, காப்பாரில் நமக்குக் காற்பந்துதான் எல்லாம். ஆனாலும் யுபியு மேல்முறையீடு போட்டுக் காத்திருக்கிறவங்களுக்காக ஒரு கிரிக்கெட் கதை.

சென்னை விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக், 2004 செப்டம்பரில் இந்திய அணிக்கு வந்தார். டிசம்பரில் தோனி வந்துட்டார். கீப்பர் இடம் ஒண்ணுதானே! 2010 ஜனவரிக்குப் பிறகு அவரது அடுத்த டெஸ்ட் 2018 ஜூனில். நடுவே இந்தியா 87 டெஸ்ட் ஆடிவிட்டது. அவர் தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடிக்கொண்டே இருந்தார்.

2018 மார்ச் 18, கொழும்பு, நிதாஹாஸ் கிண்ண இறுதியாட்டம். இறங்கும்போது 12 பந்தில் 34 ஓட்டம் வேணும். கடைசிப் பந்தில் 5. சிக்சர்! மொத்தம் 8 பந்தில் 29.

எல்லாரும் அந்த சிக்சரைத்தான் பேசுறாங்க. எனக்கு ரஞ்சி வருஷங்கள்தான் பெருசு. அடுத்த வகுப்புக்கு யோசிச்சு வாங்க: கூப்பிடாத அணிக்காக ஏன் பயிற்சி செய்தார்?