மேகதாது அணை: அனுமதி கிடைத்ததா, இல்லையா? போனிலேயே சரிபார்க்க ஒரு பாடம்

"மேகதாதுவுக்கு அனுமதி கிடைச்சாச்சு!" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும். மறுநாளே "அணைக்குத் தடை!" என்று இன்னொன்று வரும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி பகுதியில் இருக்கும் உங்களுக்கு இது பழகிப்போன விஷயம்தான். ஆனால் நீங்கள் குடிக்கும் ஒகேனக்கல் தண்ணீரும் இதில் சம்பந்தப்பட்டது. அதனால் ஒரு நீர்மின் திட்டத்துக்கு யார் அனுமதி தர வேண்டும், அதில் நீதிமன்றத்துக்கும் அரசியலுக்கும் என்ன வேலை என்று பார்ப்போம் வாங்க.

டர்பைன் தண்ணீரைக் குடிக்காது, பிறகு ஏன் பிரச்சினை?

கர்நாடகத்தில் கனகபுரா அருகே, அர்க்காவதி ஆறு காவிரியில் சேரும் பகுதியில் அமைவது மேகதாது திட்டம். சுமார் 67 டி.எம்.சி. தண்ணீரைத் தேக்கி, 400 மெகாவாட் மின்சாரம் எடுப்பதும், பெங்களூருக்குக் குடிநீர் தருவதும் இதன் நோக்கம்.

மின்சாரம் எடுத்த தண்ணீர் திரும்ப ஆற்றுக்கே வந்துவிடும். சரிதான். ஆனால் அது எப்போது வரும் என்பதுதான் கேள்வி. மின்தேவை ஒரு நேரத்தில் கூடும், பயிரின் தேவை வேறொரு நேரத்தில் கூடும். மேட்டூரில் பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரில்தான் மின்சாரம் எடுக்கிறோம். அங்கே பயிர் முதலில், மின்சாரம் அடுத்தது. மேலே ஒரு பெரிய அணை வந்தால் இந்த வரிசை மாறிவிடுமோ என்பதுதான் தமிழ்நாட்டின் கவலை.

அதனால்தான் தண்ணீர்க் கணக்கு மாதவாரியாக எழுதப்பட்டிருக்கிறது. நம் மாவட்டத்தின் அஞ்செட்டி பகுதியில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் தண்ணீரை அளக்கிறது. அங்கே ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்ட்டில் 45.95 என்று போகும் கணக்கு, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 ஆகக் குறையும்.

இந்தக் கணக்கைத் தவறாமல் கொடுப்போம் என்கிறது கர்நாடகம். கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளுக்குக் கீழே பெய்யும் மழைநீர் இப்போது தடையில்லாமல் வருகிறது, அதையும் தேக்கிவிட்டால் பற்றாக்குறை ஆண்டில் என்ன செய்வது என்று கேட்கிறது தமிழ்நாடு.

யார் யார் கையெழுத்து வேண்டும்?

ஒரே ஓர் ஆவணத்தில் முடிகிற வேலை இல்லை இது. முக்கியமான படிகள் இவை:

1. மத்திய நீர் ஆணையம்: விரிவான திட்ட அறிக்கையைப் பரிசீலிக்கும். 2018 நவம்பரில் அந்த அறிக்கையைத் தயாரிக்க மட்டும் அனுமதி தந்தது. 2019 ஜனவரியில் கர்நாடகம் அறிக்கையைச் சமர்ப்பித்தது.

2. மத்திய மின்சார ஆணையம்: மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 8-ன்படி பெரிய நீர்மின் திட்டங்களுக்கு இதன் இசைவு வேண்டும். குடிநீர், பாசனம், வெள்ளத் தடுப்பு ஆகியவற்றோடு திட்டம் ஒத்துப்போகிறதா, அணை பாதுகாப்பானதா என்று இது பார்க்க வேண்டும்.

3. சுற்றுச்சூழல் அனுமதி: 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டம் மத்திய அமைச்சகத்துக்குப் போகும். 2019-ல் அதன் நிபுணர் குழு, இரு மாநிலங்களும் முதலில் சுமுகத் தீர்வுக்கு வரட்டும் என்று சொல்லி மேகதாது விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5-ல் வந்தது. நீர்மின் திட்டம் கட்டினாலும் கீழே தண்ணீர் விடும் முறை தீர்ப்புக்கு ஒத்திருக்க வேண்டும், பாசனம் பாதிக்கக் கூடாது என்பது அதன் நிலை. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் பங்கீட்டைத் திருத்தியது. 192 டி.எம்.சி. 177.25 ஆனது. பெங்களூருக்குக் கூடுதலாக 4.75 டி.எம்.சி. கிடைத்தது. அதன் பிறகு காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது.

2025 நவம்பரில் வந்த உத்தரவைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. திட்டம் இன்னும் அறிக்கை அளவில்தான் இருக்கிறது, ஆகவே தமிழ்நாட்டின் மனு முன்கூட்டியது என்றது உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டின் ஆட்சேபங்களையும் மேலாண்மை ஆணையத்தின் கருத்தையும் மத்திய நீர் ஆணையம் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அணை கட்ட அனுமதி தந்த உத்தரவாக இதைப் படிக்கக் கூடாது.

அரசியல் எங்கே நுழைகிறது?

சிவசமுத்திரம், மேகதாது, ராசிமணல், ஒகேனக்கல் என நான்கு இடங்களில் நீர்மின் நிலையம் அமைக்க தேசிய நீர்மின் கழகம் ஒரு காலத்தில் திட்டம் வைத்திருந்தது. இரு மாநிலங்களும் ஒத்துப்போகாததால் அது நகரவில்லை. குடிநீருக்கும் இதே கதைதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் எதிர்ப்பு கிளம்பியபோது, கர்நாடகத் தேர்தல் முடியும்வரை பணியை நிறுத்திவைப்பதாக அன்றைய முதல்வர் மு.கருணாநிதி அறிவித்தார். பிறகு பணி முடிந்து, 2013 மே மாதம் முதல்வர் ஜெ.ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தேர்தல் நேரத்துப் பேச்சு ஒரு திட்டத்தைத் தாமதப்படுத்தலாம். ஆனால் பேச்சு அனுமதி ஆகிவிடாது.

உங்கள் போனில் செய்ய வேண்டியவை

• "கோர்ட் சொல்லிடுச்சு" என்று செய்தி வந்தால், உச்ச நீதிமன்ற இணையதளத்தில் உத்தரவைத் தேடுங்கள். கடைசிப் பத்திகளில்தான் முடிவு இருக்கும்.

• "சுற்றுச்சூழல் அனுமதி" என்றால், மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பாருங்கள். ஆய்வு எல்லை வரையறை என்பது முதல் படி மட்டுமே, இறுதி அனுமதி வேறு.

• "தண்ணீர் வரவே இல்லை" என்றால், பிலிகுண்டுலு அளவை மேலே உள்ள மாதக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

• விவரம் கிடைக்காவிட்டால், மத்திய அரசின் ஆர்.டி.ஐ. தளத்தில் 10 ரூபாய் கட்டி மத்திய நீர் ஆணையத்தைக் கேளுங்கள். "திட்ட அறிக்கை இப்போது எந்த நிலையில் உள்ளது?" என்ற ஒரே கேள்வி போதும்.

• ஒரு திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடந்தால், குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். நேரில் போக முடியாவிட்டாலும் எழுத்தில் கருத்து அனுப்பலாம்.

அடுத்த முறை "அனுமதி கிடைச்சாச்சு" என்று யாராவது அனுப்பினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த அனுமதி? யார் கொடுத்தது?" அதற்குப் பதில் கிடைத்த பிறகு ஃபார்வேர்டு செய்யலாம்.