பிரவுசர் தரும் எச்சரிக்கைகள்: கடைக்காரர் செய்ய வேண்டியது என்ன?



தராசு, கல்லாப்பெட்டி, பேரேடு ஆகியவற்றின் வரிசையில் இன்று கம்ப்யூட்டரும் நம் கடைகளில் இடம் பிடித்துவிட்டது. பில் போடுவது, இ-வே பில் எடுப்பது, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்வது, வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைப் பார்ப்பது என்று பல வேலைகள் பிரவுசர் வழியாகவே நடக்கின்றன. அந்தப் பிரவுசரில் நாம் கேட்காமலே வந்து நிற்கும் ஒரு தொல்லையைப் பற்றியதே இந்தப் பாடம். 'இந்தப் பக்கம் இயங்கவில்லை', 'இந்தப் பக்கத்தால் வேகம் குறைகிறது', 'மெமரி போதவில்லை' என்றெல்லாம் வரும் எச்சரிக்கைகளையே குறிப்பிடுகிறோம்.

மாதத்தின் முதல் வாரம், மாலை நேரம், கடை முன்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது அயிட்டம் கொண்ட மாதச் சாமான் பில்லைப் பாதி அடித்திருக்கும்போது திரை உறைந்து ஓர் ஆங்கிலப் பெட்டி வருகிறது. படிக்க நேரமில்லை. கைக்கு அகப்பட்ட பட்டனை அழுத்துகிறோம். பில் முழுவதும் போய்விடுகிறது. முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

இது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். தெரியாத நஷ்டம் ஒன்றும் உண்டு. தினமும் பத்து எச்சரிக்கை வந்தால், எதையும் படிக்காமல் மூடும் பழக்கம் நமக்கும் நம் கடை ஆட்களுக்கும் வந்துவிடுகிறது. மோசடிக்காரர்கள் எதிர்பார்ப்பதும் அந்தப் பழக்கத்தைத்தான். ஆகவே வரும் எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகும் வருவதை நின்று படிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் உரிய வழியைக் காண்போம்.

மேஜையும் கிடங்கும்

கம்ப்யூட்டரில் இரண்டு இடங்கள் உண்டு. ஹார்டு டிஸ்க் என்பது நம் கிடங்கு போன்றது. ரேம் எனப்படும் மெமரி, கல்லா பக்கத்தில் பொட்டலம் கட்டும் மேஜை போன்றது. கிடங்கில் நூறு மூட்டை இருக்கலாம். மேஜையில் வைக்க முடிந்ததை வைத்துத்தான் வேலை நடக்கும். மேஜை நிரம்பிவிட்டால் ஒன்றைக் கிடங்குக்கு எடுத்துப் போய் வைத்துவிட்டு இன்னொன்றைக் கொண்டுவர வேண்டும். இந்த நடை அதிகமாகும்போதுதான் கம்ப்யூட்டர் மந்தமாகிறது.

பிரவுசரில் நாம் திறந்து வைக்கும் ஒவ்வொரு டேபும் அந்த மேஜையில் இடம் பிடிக்கிறது. 2008 செப்டம்பரில் வெளிவந்த குரோம் பிரவுசர், ஒரு டேப் பழுதானால் மற்றவை விழாமல் இருக்கும்படி டேப்களைத் தனித்தனி இயக்கங்களாகப் பிரித்து நடத்தியது. 2018-இல் பிராசஸர்களில் 'ஸ்பெக்டர்' என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. ஒரு தளம் இன்னொரு தளத்தின் தகவலை எட்டிப் பார்க்காதிருக்க, தளங்களைத் தனித்தனி அறைகளில் வைப்பது போலப் பிரித்தார்கள். இதனால் மெமரிச் செலவு சுமார் 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுள் நிறுவனமே அப்போது தெரிவித்தது. வங்கிக் கணக்கையும் சினிமாப் பாட்டையும் ஒரே பிரவுசரில் திறப்பவருக்கு இது தேவையான செலவே. ஆனால் 4 ஜி.பி. ரேம் மட்டுமே உள்ள கம்ப்யூட்டரில் அதன் சுமை நன்றாகத் தெரியும்.

எச்சரிக்கைகளில் நான்கு வகை

எல்லா எச்சரிக்கையும் ஒன்றல்ல. வகை தெரிந்தால் பாதி எரிச்சல் தீரும்.

1. பக்கம் உறைந்துவிட்டது: குரோமில் 'பேஜ் அன்ரெஸ்பான்சிவ்' என்று வந்து, 'வெயிட்', 'எக்ஸிட்' என்ற பொருளில் இரண்டு பட்டன்கள் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் 'இந்தப் பக்கத்தால் வேகம் குறைகிறது, நிறுத்தலாமா' என்ற கருத்தில் செய்தி வரும். பக்கத்தின் வேலையையெல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெரிய கணக்கு ஒன்றில் மூழ்கியிருக்கும்போது நாம் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஆயிரக்கணக்கான சரக்குப் பெயர் கொண்ட ஸ்டாக் பட்டியலைத் திறக்கும்போது இது இயல்பாகவே நேரும். இங்கே முதலில் அழுத்த வேண்டியது 'வெயிட்'. இரண்டு மூன்று முறை காத்திருந்தும் அசையாவிட்டால் மட்டுமே வெளியேற வேண்டும்.

2. டேப் உறக்கம்: பயன்படுத்தாத டேப்பைப் பிரவுசர் தானாக ஓய்வில் வைக்கும். குரோமில் 'மெமரி சேவர்' என்ற பெயரில் இந்த வசதி 2022 டிசம்பரில் வந்தது. ஓய்வில் போன டேப்பை மறுபடி தொட்டால் பக்கம் புதிதாக ஏற்றப்படும். மைக்ரோசாஃப்ட் எட்ஜில் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' என்ற வசதி 2021 முதல் உள்ளது.

3. வேகம் குறித்த ஆலோசனை: 'இந்த டேப்களை மூடினால் வேகம் கூடும்' என்று குரோம் சொல்லும் அறிவிப்பு 2024-இல் அறிமுகமானது. இது அவசரச் செய்தி அல்ல. அந்த நேரத்தில் கவனிக்காமல் விட்டாலும் பில் போகாது.

4. விளம்பர நீக்கம்: செய்தித் தளங்களில் விளம்பரம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் வந்து, விளம்பரம் நீக்கப்பட்டது என்று சொல்லும். 2020 முதல் குரோமில் இந்த ஏற்பாடு உண்டு. ஒரு விளம்பரம் 4 எம்.பி. அளவுக்கு மேல் டேட்டா இழுத்தாலோ, ஏதேனும் 30 விநாடிக்குள் 15 விநாடி, அல்லது மொத்தத்தில் 60 விநாடி பிராசஸரைப் பிடித்துக்கொண்டாலோ அது இறக்கிவிடப்படும். இது நமக்கு நன்மையே. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

குறை யாருடையது?

வணிகர்களின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது என்பதே நம் கருத்து. கடையில் உளுந்து தீரப்போகிறது என்பதைக் கடை கட்டும் நேரத்தில் முதலாளியிடம் சொல்பவர் நல்ல ஆள். எட்டுப் பேர் நிற்கும்போது அதையே கத்திச் சொல்பவரை நாம் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. பல எச்சரிக்கைகள் இரண்டாவது வகைதான். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவை சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியேறினால் எதை இழப்போம் என்று சொல்வதில்லை.

முற்காலத்து நிலை இன்னும் மோசம். 2022 ஜூன் மாதத்தோடு ஆதரவு நிறுத்தப்பட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், அதன் பழைய பதிப்புகளில், ஒரு பக்கம் 50 லட்சம் கட்டளைகளை நிறைவேற்றியதும் 'நிறுத்தலாமா' என்று கேட்கும். நேரத்தைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்ததால், ஒழுங்காக ஓடும் வேலையும் வேகமான கம்ப்யூட்டரில் தடைப்பட்டது. 2011-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்துதான் அது நேரத்தைக் கணக்கிடத் தொடங்கியது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எச்சரிக்கை எந்தப் பக்கத்தில் வருகிறதோ அந்தப் பக்கமே குற்றவாளி என்று கொள்ள முடியாது. பின்னால் ஓடும் வீடியோப் பாட்டு மேஜையை அடைத்துக்கொண்டிருக்க, பில் பக்கம் இடமில்லாமல் திணறி நிற்கலாம். பில் மென்பொருள் கொடுத்தவரோடு சண்டைக்குப் போகும் முன் இதைச் சோதிக்க வேண்டும்.

எச்சரிக்கைகளைக் குறைக்கும் வழிகள்

முதலாவது, எது இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு எஸ்கேப் அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' பட்டியல் வரும். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பெட்டியில் 'அபவுட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 'பிராசஸஸ்' என்று சேர்த்து அடித்தால் போதும். எந்த டேப் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று வரிவரியாகத் தெரியும். நாளின் முடிவில் கல்லாவை எண்ணுவது போல, வாரம் ஒருமுறை இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது, 'எக்ஸ்டென்ஷன்' எனப்படும் ஒட்டுச் சாதனங்களைக் கழிக்க வேண்டும். தள்ளுபடி கூப்பன் தேடுவது, வீடியோ இறக்குவது போன்றவை யாரோ எப்போதோ சேர்த்தவையாக இருக்கும். இவற்றில் பல, நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் ஓடுகின்றன.

மூன்றாவது, பில் பக்கத்துக்கு விலக்கு அளிக்க வேண்டும். குரோமில் செட்டிங்ஸ் சென்று 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால், எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களின் பட்டியல் ஒன்று உண்டு. பில் தளம், ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில் தளம் மூன்றையும் அதில் சேர்த்துவிடுங்கள். வேகம் குறித்த ஆலோசனை அறிவிப்பை நிறுத்தும் பட்டனும் அதே பகுதியில் இருக்கிறது.

நான்காவது, லேப்டாப் வைத்திருப்போர் மின்தடையின்போது கவனமாக இருக்க வேண்டும். குரோமின் 'எனர்ஜி சேவர்' வழக்கமாக பேட்டரி 20 சதவீதத்துக்கு வந்ததும் தொடங்கிப் பின்னணி வேலைகளைக் குறைக்கும். அப்போது ஏற்படும் மந்தத்தைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

ஐந்தாவது, இவ்வளவும் செய்த பிறகும் எச்சரிக்கை ஓயாவிட்டால் மேஜையே சிறிது என்று பொருள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் முன், ரேமை 8 ஜி.பி.யாக உயர்த்தவும், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடவும் முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஆனால் விண்டோஸ் 7-இல் 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்போடு குரோம் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அந்த நிலையில் உள்ள பழைய கம்ப்யூட்டருக்குச் செலவு செய்வது எவ்வளவு தூரம் தகும் என்று யோசித்தே இறங்க வேண்டும்.

அடித்ததைக் காப்பது எப்படி?

மெமரி சேவர், பாதி நிரப்பிய படிவம் உள்ள டேப்பைப் பொதுவாகத் தொடாது என்பது அதன் விதி. ஆனால் மெமரி முற்றிலும் தீர்ந்து பக்கம் விழும்போது இந்த விதி உதவாது. மேலும், நீண்ட நேரம் தொடாமல் விட்டால் அரசுத் தளங்கள் தாமே நம்மை வெளியேற்றிவிடும். ஆகவே காவல் நம் கையில்தான் இருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கலில் ஒவ்வொரு பகுதியையும் முடித்ததும் 'சேவ்' பட்டனை அழுத்துங்கள். ஜி.எஸ்.டி.ஆர்-1-க்கு பில்கள் அதிகம் உள்ளவர்கள், இணையம் இல்லாமலே தயாரித்துப் பிறகு ஏற்றும் 'ஆஃப்லைன் டூல்' வசதியைப் பயன்படுத்தலாம். மாதந்தோறும் தாக்கல் செய்வோர் 20-ஆம் தேதி இரவு வரை 3பி-யைத் தள்ளிப்போட்டு, அந்த நேரத்தில் திரை உறைந்தால், வரிப் பொறுப்பு உள்ளவருக்கு நாளொன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணமும், செலுத்தாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் ஏறும். பிரவுசர் நின்றுவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி இவற்றிலிருந்து தப்ப முடியாது. ரூ.50,000-க்கு மேற்பட்ட வெளிமாநிலச் சரக்குக்கு இ-வே பில் எடுக்கும்போது, லாரியில் சரக்கு ஏற்றத் தொடங்கும் போதே மற்ற டேப்களை மூடிவிட்டு உட்காருவது நல்லது.

போலி எச்சரிக்கை

இனி முக்கியமான எச்சரிக்கை. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்' என்று திரை முழுவதும் சிவப்பாக, சைரன் சத்தத்தோடு ஒரு பக்கம் வரலாம். இது மோசடி. மெமரி குறைந்தது என்றோ பக்கம் உறைந்தது என்றோ பிரவுசர் தரும் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது, பணம் கேட்காது. போன் செய்தால், கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ஒரு மென்பொருளைப் போடச் சொல்வார்கள். அதைப் போட்டால் வங்கிக் கணக்குக்கான வழி அவர்கள் கைக்குப் போய்விடும்.

எஸ்கேப் பட்டனைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, பிறகு ஆல்ட் பட்டனோடு எஃப்-4 அழுத்தி மூடுங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் சொல்ல வேண்டும். திரையின் ஓரத்தில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் 'வைரஸ்' அறிவிப்புகள் பலவும், ஏதோ ஒரு தளத்தில் நாம் 'அலௌ' அழுத்தியதால் வருபவை. செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய், தெரியாத தளங்களின் அனுமதியை நீக்கினால் அவை நின்றுவிடும்.

கடை ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க

பில் போடும் ஆள் மாறும்போதெல்லாம் கீழ்க்கண்டவற்றைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாலும் நலம்.

1. பெட்டி வந்தால் கையை எடுத்துவிட்டு முதல் வரியைப் படிக்க வேண்டும்.
2. பக்கம் உறைந்தால் முதலில் 'வெயிட்'. 'எக்ஸிட்' அழுத்தினால் சேமிக்காத பில் போய்விடும்.
3. பில் போடும் கம்ப்யூட்டரில் பாட்டும் படமும் கூடாது.
4. திரையில் போன் நம்பர் தெரிந்தால் எதையும் அழுத்தாமல் முதலாளியைக் கூப்பிட வேண்டும்.

ஒரு மாதம் இவற்றைக் கடைப்பிடித்துப் பாருங்கள். வரும் எச்சரிக்கைகள் குறையும். வருகிற ஒன்றிரண்டையும் நின்று படிக்க நேரம் கிடைக்கும்.